காலையில் எழுதிய சாயங்காலம்

ஜப்பாரைச் சோம்பேறி என்றவர்கள் யாரும் அவனோடு ஒரு நாள்கூட வேலை செய்தவர்கள் இல்லை. மூட்டை என்றால் இரண்டு ஆள் தூக்குவதை ஒற்றை ஆளாகத் தூக்குவான். கோளாறு வேறு இடத்தில் இருந்தது. சாக்குத் தைக்க உட்காருவான், ஊசியில் நூலைக் கோப்பான், பிறகு அந்த ஊசியைக் கையில் பிடித்தபடியே எதிர்மலையில் மேகம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு அரைப்பொழுதைக் கழித்துவிடுவான். தட்டிக் கூப்பிட்டால், "தோ, முடிஞ்சிபோச்சி" என்பான். அவனளவில் அது பொய்யில்லை. மனசுக்குள் அந்தச் சாக்கைத் தைத்து, காயை நிரப்பி, வாயைக் கட்டி, வாணியம்பாடிக்கே கொண்டுபோய் இறக்கியிருப்பான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழிலும் ஐம்பத்தெட்டிலும் தை பிறந்ததும் அவனை ஜவ்வாது மலைக்கு அனுப்பினார்கள். தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். வாணியம்பாடி உஸ்மான் சாயபுவின் மண்டிக்கு அவன்தான் மலை ஆள். காவலூரைத் தாண்டி, பத்துப் பன்னிரண்டு வீடுகள் இருந்த ஒரு மேட்டில், அம்மாக்கண்ணு என்கிற சாமைக்காட்டுக்காரி வீட்டை ஒட்டிய கொட்டகை அவன் இருப்பிடம். மலைக்காரர்கள் பொறுக்கி வரும் காயை வாங்கிப் பாறையில் பரப்ப வேண்டும், உச்சிவேளையில் புரட்ட வேண்டும், பனி இறங்குமுன் அள்ளி உள்ளே போட வேண்டும். ஒரு சாயங்காலம் மறந்தால் போதும், பனி குடித்த காய் கறுத்துப்போகும். கறுத்த காயை எந்தத் தோல் ஷாப்பும் தொடாது. வந்த முதல் மாதத்திலேயே ஜப்பார் மூன்று சாயங்காலங்களை மறந்தான்.

முதலாளி ஒரு பட்டியல் எழுதி அனுப்பினார். ஏழு மணிக்குப் பரப்பு, பன்னிரண்டு மணிக்குப் புரட்டு, நாலு மணிக்கு அள்ளு. கூடவே ஒரு கைக்கடிகாரமும் வந்தது. ஜப்பார் பட்டியலை ஆணியடித்து மாட்டினான். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்தான். அது எட்டேகாலில் நின்று, அந்த சீசன் முழுக்க எட்டேகாலாகவே இருந்தது. பட்டியலைக் குறை சொல்ல முடியாது. நல்ல செருப்புதான், ஆனால் வேறு யார் காலுக்கோ தைத்தது.

அவனுக்கான பட்டியல் அவன் தேடாமலே அகப்பட்டது. வாணியம்பாடியில் இருந்த மனைவி பர்வீனுக்கு தினமும் ஒரு பக்கம் கடிதம் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தான். சாயங்காலம் விளக்குக்கு எண்ணெய் இருக்காது, இருந்தாலும் கண் சொக்கும். அதனால் விடியற்காலையில் பஜ்ர் தொழுததும் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, பனி விலகுவதைப் பார்த்தபடியே, அன்றைய நாள் நடந்து முடிந்ததாக நினைத்து எழுதிவிடுவான். 'இன்று காயைப் பரப்பினேன். உச்சிவெயிலில் புரட்டினேன். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு அள்ளினேன். ஒரு காய் கூடக் கறுக்கவில்லை.' எழுதும்போதே அந்த வெயில் முதுகில் சுடும், கடுக்காயின் துவர்ப்பு நாக்கில் ஏறும். நாள் முழுவதும் அவன் நடப்பது ஏற்கெனவே ஒருமுறை நடந்த வழியில்தான். நடுவில் மேகம் பிடித்து நிறுத்தினாலும், பர்வீனிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று திடுக்கிட்டு எழுந்து ஓடுவான். மற்றவர்கள் கனவு கண்டு வேலையைக் கெடுப்பார்கள். இவன் வேலையைக் கனவுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டான்.

அதற்கு ஒரு சட்டமும் வைத்துக்கொண்டான். தான் செய்ததாக எழுதியதில் எந்த வரி பொழுது சாய்வதற்குள் உண்மையாகவில்லையோ, அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட வேண்டும். மிஞ்சிய பக்கங்களை வெள்ளிக்கிழமைதோறும் பொதிமாடு ஓட்டி ஆலங்காயம் இறங்கும் குப்பன் தபாலில் சேர்ப்பான். காய் கறுப்பது நின்றது. முதலாளி தன் கடிகாரத்தை மெச்சிக்கொண்டார்.

முதல் வருஷம் மாசியில் பர்வீனுக்குக் குழந்தை பிறந்தது. செய்தி மலையேற நாலு நாள் ஆயிற்று, அவன் இறங்க ஒரு நாள். குழந்தை இருந்ததோ மூன்று நாள். அவன் பார்த்தது ஈரம் காயாத சின்னக் கபர் மேட்டைத்தான். பர்வீன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

ஐம்பத்தெட்டில் அவள் மறுபடி உண்டாயிருந்தாள், மாசிக் கடைசிக்கு நாள் குறித்திருந்தார்கள். அவன் மலைக்குக் கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்: "இந்த வாட்டி வாசல்ல நீங்க நிக்கணும். எனக்கு வேற எதுவும் வேணாம்." அவன் தலையை ஆட்டிவிட்டு வந்தான். ஆனால் சீசன் நடுவில் ஊருக்குப் போகிறேன் என்று உஸ்மான் சாயபுவிடம் கேட்க வேண்டுமே! அவனுக்கு முன்பிருந்த மலை ஆள் அப்படிக் கேட்டுத்தான் வேலையை இழந்தான். ஜப்பாருக்குப் பயம். புலி கரடிக்குப் பயப்படாதவன், அந்த மனுஷரின் மூக்குக்கண்ணாடிக்குப் பயந்தான்.

முதலாளி வியாழக்கிழமைகளில் ஆலங்காயம் கிடங்குக்கு வருவார். ஒவ்வொரு வியாழனும் ஜப்பார் காலையில் எழுதுவான்: 'இன்று இறங்கிப்போய் முதலாளியைப் பார்த்தேன். பேறுகாலத்துக்கு முன்பே வந்துவிடுவேன் என்று சொன்னேன். சரி என்றார்.' பொழுது சாயும்போது கிழித்து அடுப்பில் போடுவான். நாலு வியாழன் அப்படியே எரிந்தது.

ஐந்தாவது வியாழன், எழுதிவிட்டு உண்மையிலேயே கிளம்பினான். பாதி மலை இறங்கியதும் தடத்துக்கு மேலே ஒரு வழுக்குப்பாறை. கொஞ்சம் மூச்சு வாங்கலாம் என்று அதில் உட்கார்ந்தான். கீழேயிருந்து மேகம் நெல்லி மரங்களுக்குள் புகுந்து, ஒவ்வொரு மரமாக அழித்துக்கொண்டு மேலே வந்தது. அவனையும் மூடியது. அந்த வெள்ளைக்குள் அவன் முதலாளியிடம் பேசினான், முதலாளி சிரித்தார், வாணியம்பாடி பஸ்ஸிலிருந்து இறங்கினான், வாசலில் நின்றான். எங்கோ கீழே பொதிமாட்டு மணிகள் போயின. எவ்வளவு இதமான சத்தம் என்று கண்ணை மூடிக் கேட்டான். மேகம் கலைந்தபோது வெயில் மேற்கே சாய்ந்திருந்தது.

திரும்பி வந்து அடுப்பை மூட்டிவிட்டுப் பக்கத்தைத் தேடினான். அது இல்லை.

"இன்னா சாயபே தேடற?" என்றாள் அம்மாக்கண்ணு. "கடுதாசியா? குப்பன் மாட்டுக்குக் காலு சரியில்லியாம், மெதுவா நடக்கணும்னு இன்னிக்கே எறங்கிட்டான். நீதான் எதையும் மறந்துடுவியே, நானே எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா, அக்கா?"

"ஒண்ணுகூட வுடல."

ஜப்பார் அப்படியே தரையில் உட்கார்ந்தான். அவன் கேட்டு ரசித்த மணிச்சத்தம் அவனுடைய பொய்யைத்தான் சுமந்துகொண்டு போயிருக்கிறது. பர்வீன் அதை நம்புவாள், நம்பி நாளை எண்ணுவாள். அடுத்த ஆறு நாளும் அவன் எதுவும் எழுதவில்லை. காயை அம்மாக்கண்ணுதான் கூப்பிட்டுக் கூப்பிட்டு அள்ள வைத்தாள்.

புதன்கிழமை குப்பன் திரும்பி வந்து ஒரு கவரைக் கொடுத்தான். உள்ளே பர்வீனின் உருண்டைக் கையெழுத்து.

'உங்க கடுதாசி சனிக்கிழமை வந்துச்சு. நீங்க வியாழக்கிழமை முதலாளியைப் பார்த்ததா எழுதியிருக்கீங்க. அவர் அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமையே மெட்ராஸ் போயாச்சு. நம்ம தெருவே வழியனுப்பிச்சுது. நீங்க காலையிலேயே எழுதி வைக்கிற ஆளுன்னு எனக்குப் போன வருஷமே தெரியும். மலையெல்லாம் மழை கொட்டினது இங்கேருந்தே தெரிஞ்ச அன்னிக்கு, அந்தி வெயில்ல மரத்தடியில உக்காந்தேன்னு எழுதியிருந்தீங்க. காய் அள்ளினது நிஜமாயிருக்கும், வெயிலை மட்டும் உங்களால கொண்டாந்திருக்க முடியாது. நான் ஒண்ணும் சொல்லல. உங்களுக்கு அப்படி எழுதினாத்தான் கை வேலை செய்யுதுன்னு விட்டுட்டேன். இப்ப நானும் அதே மாதிரி எழுதறேன்.'

கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே:

'வியாழக்கிழமை எங்க வீட்டுக்காரர் காயை அம்மாக்கண்ணு அக்காகிட்ட ஒப்படைச்சாரு. வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் எறங்கினாரு. யார்கிட்டயும் உத்தரவு கேக்கல. வழியில எங்கயும் உக்காரல. மத்தியானம் வந்து வாசல்ல நின்னாரு. அவருக்குன்னு மீன் கொழம்பு வெச்சேன். கொழந்தை அழுதப்ப வாசல்ல இருந்து கேட்டாரு.'

ஜப்பார் அதைப் படித்துவிட்டு அழுதான். மறைக்கவும் இல்லை. பொய் என்று அவள் கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இவள் அவனுடைய கனவுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து, அவனுக்காக ஒரு நாளை நடத்தி முடித்துவிட்டாள்.

வியாழன் காயை ஒப்படைத்தான். "போய்ட்டு வா சாயபே, உன் மேகத்த நான் பாத்துக்கறேன்" என்றாள் அம்மாக்கண்ணு. முதல் வரி உண்மையாயிற்று. வெள்ளிக்கிழமை விடியலில் இறங்கவும் செய்தான். ஆனால் அவன் ஜப்பார்தானே. வழுக்குப்பாறை வந்தது, மேகமும் வந்தது. இந்த முறை அதற்குள் ஒரு குழந்தையின் அழுகையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். எழுந்து ஓடி ஆலங்காயம் சேர்வதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. கிடங்குக் காவல்காரன் தசரதன், ராத்திரி தங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, காலையில் ஏற்ற வேண்டிய மூட்டைகளையும் காட்டினான். விடிந்ததும் அத்தனையையும் ஏற்றிவிட்டுத்தான் ஜப்பார் பஸ் பிடித்தான். வாணியம்பாடியில் அவன் இறங்கியபோது சனிக்கிழமை மத்தியானம் தாண்டிவிட்டது.

பர்வீன் வாசலில்தான் நின்றிருந்தாள், இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. அவனைப் பார்த்துச் சிரித்தாள். செவ்வாய்க்கிழமை வெயில் ஏறும் நேரத்தில், மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பித் தெருவையே நிறைத்தது. பெண் குழந்தை, அமீனா என்று பெயர் வைத்தார்கள். பின்னால் மெட்ராஸிலிருந்து வந்த முதலாளி அரைமணி நேரம் கத்தினார். கத்தியதோடு சரி, வேலை போகவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் அவரும் சாதாரண மனுஷர்தான் என்று ஜப்பார் அன்றைக்குத்தான் கண்டான்.

ஆனால் ஒரு முள் அவன் மனசில் குத்திக்கொண்டே இருந்தது. அமீனா பிறந்த அன்று சாயங்காலம், கட்டிலருகே உட்கார்ந்து, பர்வீனின் கடிதத்தை எடுத்து விரித்தான்.

"இதுல ரெண்டு வரி பொய்யாயிடுச்சு பர்வீன். வழியில உக்காந்துட்டேன். வெள்ளிக்கிழமையும் வரல. எரிச்சுடட்டா?"

அவள் அசதியோடு கையை நீட்டிக் கடிதத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க உக்காருவீங்கன்னு எனக்குத் தெரியாதா? எனக்குத் திங்கக்கெழமைக்குள்ள நீங்க வந்தாப் போதும்" என்றாள். "அதனாலதாங்க வெள்ளிக்கெழமைன்னு எழுதினேன்."