நாலு பக்க ஆட்டப் பாட்டு

கவரைப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கம்ப்யூட்டர் வாத்தியார். அங்கே வயலின் வகுப்பு எடுப்பவர் ஹேமாவதி அக்கா. முப்பது வருடம் கோயில் கச்சேரிகளில் பாடுகிறவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர். கச்சேரி குறைந்ததும் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டினார். பொன்னேரி விழாவில் பிள்ளைகள் சொதப்பினால் வகுப்பையே மூடிவிடுவேன் என்று தாளாளர் சொல்லியிருந்தார். மூடினால் அக்கா மறுபடி பசை வாளிக்குத்தான் போகவேண்டும்.

விழாக்காரர்கள் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பாட்டை அனுப்பினார்கள். அயர்லாந்துக் கிராமங்களில் ஆட்டத்துக்கு ஃபிடிலில் வாசிக்கும் மெட்டாம். மாணவர் வயலின் குழுவுக்கென்று நாலு பக்கத்தில் எழுதியிருந்தது. ஐந்து கோட்டில் புள்ளி வைத்த அந்த மேல்நாட்டு இசை எழுத்து எங்கள் இருவருக்குமே படிக்கத் தெரியாது. நான் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து செல்போன் ஆப்பில் ஏற்றினேன். அது வாசிக்க வாசிக்க, அக்கா சரிகமவில் எழுதிக்கொண்டார். பதினாறு பிள்ளைகளும் நாலு பக்கத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக மனப்பாடம் செய்தார்கள். மொத்தம் எட்டு நிமிடம்!

"அக்கா, நாலாம் பக்கம் இன்னா ஒரே இழுப்பா கீது?" என்றாள் ஏழாம் வகுப்பு காயத்ரி.

"ஆடிக் களைச்சவங்க உக்கார வேணாவா? அதுக்குத்தான்" என்றார் அக்கா. நானும் பெரிய மேதாவி மாதிரி தலையாட்டினேன். என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

பொன்னேரியில் எங்களுக்கு முன்னால் வேறொரு பள்ளி மேடையேறியது. அவர்கள் வில்லை இழுத்தார்கள். நாலு பேர் முதல் பக்கத்தை வாசிக்கிறார்கள், நாலு பேர் இரண்டாவதை, நாலு பேர் மூன்றாவதை. அடியில் அந்த நாலாம் பக்க இழுப்பு. எல்லாம் ஒரே நேரத்தில்! இரண்டே நிமிடத்தில் முடித்து இறங்கிவிட்டார்கள்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பி... நாலையும் ஒண்ணா வாசிக்கணுமா?"

"ஐயோ, என் தப்புக்கா. பேசாம ஊட்டுக்குப் போய்டலாம்."

"சும்மா இரு. புள்ளைங்களுக்கு நாலு பக்கமும் தெரியுமில்ல?"

எங்கள் பள்ளியின் பெயரைக் கூப்பிட்டார்கள். படியேறும்போதே அக்கா ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பிரித்தார். நீ ஒண்ணு, நீ ரெண்டு, நீ மூணு. காயத்ரி நாலு. இரண்டாவது வரியிலேயே காயத்ரி மிரண்டுபோய் வில்லை எடுத்துவிட்டாள்.

"அக்கா, அவங்கல்லாம் வேற வாசிக்கிறாங்க!"

'பக்கத்துல இருக்கறவங்கள கேட்டு, அதே மாதிரி வாசி' என்று தினமும் சொல்லிக்கொடுத்த அக்கா மேடையோரத்திலிருந்து கத்தினார்: "வாசிக்கட்டும்! நீ உன்னுத வாசி!"

வாசித்தாள். நாலு பக்கமும் ஒரே பாட்டாகச் சேர்ந்தது. முன்வரிசையில் பெற்றவர்களின் கால்கள் தாளம் போட ஆரம்பித்தன.

முடிந்ததும் தாளாளர் எழுந்து வந்து, "வகுப்பு நடக்கட்டும்மா" என்றார். அக்கா காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. மேடைப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"முப்பது வருசம் பாடறவங்க பின்னாலயே போய்க்கினு இருந்தேன் தம்பி" என்றார். "கூடவே நாமளும் வேற ஒண்ணு வாசிக்கலாம்னு ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதா?"