தம் உடைத்த தாய்மாமன்

பிரியாணி மாஸ்டராக இருந்து ஓய்ந்தவன் நான். திண்டுக்கல்லைச் சுற்றி நான் தம் போடாத மண்டபம் குறைவு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அரிசி அளவு கேட்கிறார்கள், மசாலா கேட்கிறார்கள். திட்டுகிறவர்களை எப்படிச் சமாளிப்பது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதற்காகத்தான் சேவுகம்பட்டி காதுகுத்து விஷயத்தை எழுதுகிறேன்.

காதுகுத்தில் தாய்மாமன்தான் ராஜா. குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதும் அவர், சீர் கொண்டு வருவதும் அவர், கோபித்துக் கிளம்பினால் விசேஷத்தையே கெடுக்கக்கூடியவரும் அவர். அன்றைய தாய்மாமன் பட்டு வேட்டியில், மேளதாளத்தோடு, கூட்டாளிகளோடு வந்தார். வந்தவர் நேராகச் சமையல் பந்தலுக்குள் நுழைந்தார். பிரியாணி வேகும் பெரிய அண்டாக்களான மூன்று தேக்சாவுக்கும் அப்போதுதான் மூடி போட்டு, மேலே கங்கு அள்ளி வைத்திருந்தோம்.

"ஏய்யா பாய், என் கூட்டாளிகளுக்கு இப்பவே எல போடு" என்றார்.

தம்மில் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பொறுப்பதற்கா அவர் வந்தார்? என் சமையலில் ஆரம்பித்து என் பரம்பரை வரைக்கும் போய்விட்டார். குழந்தையின் அப்பா வெங்காய விவசாயி. பாவம், மச்சானை எதிர்த்துப் பேச முடியாமல் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். என்னோடு வேலை பார்த்த சலீம் கரண்டியோடு எழுந்தான். எனக்கும் ரத்தம் கொதிக்கத்தான் செய்தது.

"ஒக்காரு சலீம். அவரு வாய் அவரு பொறுப்பு. தேக்சாதான் நம்ம பொறுப்பு" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் அவர் துண்டால் பிடித்து ஒரு மூடியைத் தூக்கிவிட்டார். கங்கு சிதறியது. ஆவி அத்தனையும் போய்விட்டது. ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தேன், நடுவில் வேகவில்லை. ஊரே சாப்பிட வேண்டிய சோறு. தாய்மாமன் திறந்துவிட்டார் என்று ஒவ்வொரு இலையாகப் போய்ச் சொல்லவா முடியும்? வேகாத சோறு என் பெயரில்தான் போகும். வெந்நீர் தெளித்து, ஈரத்துணி சுற்றி மறுபடி மூடினோம். அது எங்கள் வேலை, முணுமுணுக்காமல் செய்தோம்.

மிச்சம் அவருடைய வேலை. அதை அவரிடமே கொடுத்துவிட வேண்டும் அல்லவா? பந்தலில் இருந்த பெண்கள் காதில் விழும்படி குரலை உயர்த்தினேன்.

"தாய்மாமன் கையால தம் ஒடச்சிருக்காரு. எங்க தொழில்ல, மூடியத் தொறந்தவருதான் தேக்சா காலியாகுற வரைக்கும் பக்கத்துல நிக்கணும். பெரிய மருவாதிண்ணே இது. கங்கு அணையாம விசிறுங்க."

அப்படி ஒரு வழக்கம் எங்களிடம் உண்டுதான், சமையல்காரனுக்கு. தாய்மாமனையும் அதில் சேர்த்தது அந்த நிமிடத்தில் நான்.

பெண்கள் சிரித்தார்கள். மரியாதை கேட்டு வந்தவர் எப்படி மறுப்பார்? ஓர் அட்டையை வாங்கி விசிறினார். பட்டு வேட்டியெல்லாம் சாம்பல். மற்ற இரண்டு தேக்சாவும் வெந்து பந்தி ஓடியது. அவர் யாருக்காகச் சண்டை போட்டாரோ அந்தக் கூட்டாளிகள் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வந்து, அவரைச் செல்போனில் படம் பிடித்தார்கள். கடைசிப் பந்திக்கு அவருடைய தேக்சாவைத் திறந்தோம். சோறு கொஞ்சம் குழைந்திருந்தது, ருசி கெடவில்லை. ஏன் குழைந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் கரண்டியோடு நின்று அவரே பதில் சொன்னார். எனக்கு அன்றைக்கு அலுப்பே தெரியவில்லை.

திட்டுகிறவரைத் திருப்பித் திட்டிக்கொண்டிருந்தால் நம் தேக்சா அடிபிடிக்கும். அவர் செய்ததையும் சேர்த்து நாமே சுமந்தால் அடுத்த விசேஷத்திலும் வந்து திறப்பார். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

பிறகு அதே மனிதர் தன் மகள் சடங்குக்கு என்னைத்தான் கூப்பிட்டார். போனதும் முதல் வேலையாகச் சமையல் பந்தலைச் சுற்றிக் கயிறு கட்டினேன். அவர் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து கயிற்றுக்கு வெளியே போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெண்ணின் தாய்மாமன் பட்டு வேட்டியோடு பந்தலை நோக்கி வந்தபோது, எழுந்து மறித்தது அவர்தான்.

"மூடியில மட்டும் கைய வச்சிராதீங்க மச்சான். இந்தப் பாய் லேசுல விடமாட்டாரு."