ஐந்துக்கு நான்கு

கிளப்பில் அவளுக்குக் கோட்டம்மா என்று பெயர். டென்னிஸ் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அது புருஷன் பார்த்த வேலை. அவன் இடுப்பு முறிந்து படுத்தபோது, "நாலு நாளைக்கு நீ பாத்துக்கோம்மா" என்றார் அப்போதைய செயலாளர். அந்த நாலு நாள் இருபத்தொரு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. புருஷன் போய்ச் சேர்ந்தான். செயலாளர்கள் ஐந்து பேர் மாறினார்கள். வேலை மட்டும் அவளை விடவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்கு வருவாள். நான்கு மண் மைதானங்களுக்கும் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, வலையை இறுக்கி, கோடு போடுவாள். பிறகு உறுப்பினர்களின் கழிப்பறை இரண்டையும் கழுவுவாள். கழுவலாம், போகக் கூடாது. 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று கதவில் பலகை உண்டு. அதையும் அவள்தான் துடைக்கிறாள். அவசரத்துக்கு ஒரே ஒரு முறை உள்ளே போய் வந்ததற்குப் புகார்க் கடிதம் வந்தது. எழுதியவர் கல்லூரியில் மனித உரிமை பற்றிப் பாடம் நடத்துகிறவர்.

எதிர்ச்சாரியில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. அவசரத்துக்கு அங்கே போய்வந்தாள்; இரண்டு மாதத்தில் அவர்களும் முகம் சுளித்தார்கள். கடைசியில் அவள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினாள். மண்ணுக்குக் குழாய் குழாயாக ஊற்றுகிறவள், மதியம் இரண்டு மணிக்கு வீடு திரும்பும்வரை தன் தொண்டையில் ஒரு வாய் ஊற்றுவதில்லை. இரண்டு முறை சிறுநீரில் கிருமி தொற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "இன்னொரு தடவை வந்தா கிட்னி தாங்காதும்மா" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

"விட்டுத் தொலையேம்மா" என்றாள் மகள். "அந்தக் கிளப்பு உனக்கு என்ன கிரீடமா வெக்கப் போகுது?"

"கிரீடம் யாருடி கேட்டா? நாலு சுவரு வெச்சாப் போதும்."

அந்த ஆசைக்குக் காரணம் இருந்தது. கிளப்பை விரிவாக்கப் போகிறார்கள். நான்கு மைதானம் ஏழாகிறது. ஓய்வுக்கூடம், உடற்பயிற்சி அறை, காபிக்கடை எல்லாம் வருகின்றன. 'உங்களுக்கு என்ன வசதி வேண்டும்?' என்று ஒரு படிவம் அச்சடித்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களுக்கும் வாசலில் நின்று அதைக் கொடுத்தவள் கோட்டம்மாதான். வேலை செய்கிற ஏழு பேருக்கும் படிவம் இல்லை. கொடுக்கக் கூடாது என்று யாரும் நினைக்கவில்லை. கொடுக்கலாம் என்றே யாருக்கும் தோன்றவில்லை. இரண்டில் எது மோசம் என்று சொல்வது கஷ்டம்.

வரைபடம் வந்தது. நான்கு கூட்டம் போட்டும் எது எங்கே வருகிறது என்று உறுப்பினர்களுக்குப் பிடிபடவில்லை. கட்டட வரைபடம் போட்ட ஆர்க்கிடெக்ட், நடுவயதுப் பெண், சலித்துப்போய்ச் சொன்னாள்: "பக்கத்துக் காலி நிலத்துல உண்மையான அளவுல கோடு போட்டுடலாம். நடந்து பாத்துக்கட்டும்."

கோடு என்றால் கோட்டம்மா. சனிக்கிழமை வெயிலில் இருவரும் இறங்கினார்கள். ஒரு பக்கம் மூன்று அடி, மறுபக்கம் நான்கு அடி, குறுக்கே ஐந்து அடி வந்தால் மூலை சரி. டேப்பை அப்படி அவள் மடக்கிப் பிடித்ததைப் பார்த்து ஆர்க்கிடெக்ட் வியந்தாள்.

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"கயிறுகிட்டதாங்க. அது ஆளு பாத்து அளவு சொல்லாது."

ஒவ்வொரு கட்டமாக முடித்தார்கள். கூடத்தை ஒட்டி ஆறடிக்கு ஐந்தடி ஒன்று வந்தது.

"இது என்னங்க?"

"பந்து எறியற மெஷினுக்கு ரூம். தூசி படக் கூடாதாம்."

கோட்டம்மா சுண்ணாம்பு வண்டியை நிறுத்தினாள். "எங்களுக்கு எங்கங்க கக்கூஸு?"

ஆர்க்கிடெக்ட் தாளைப் புரட்டினாள். "அப்படி ஒண்ணு வேணும்னு என்கிட்ட யாரும் சொல்லலையே."

"நீங்க கேட்டீங்களா?"

ஆர்க்கிடெக்ட் மறுபடி தாளைப் புரட்டினாள். கோட்டம்மா மேலே கிளறவில்லை; கால் வலித்தது. அந்த மெஷின் அறையை ஒட்டி ஐந்தடிக்கு நான்கடியில் ஒரு கட்டம் இழுத்தாள். காபிக்கடையில் நான்கடி குறைந்தது. ஆர்க்கிடெக்ட் பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை.

ஞாயிறு காலை உறுப்பினர்கள் கோட்டுக்குக் கோடு உலாவினார்கள். கண்ணுக்குத் தெரியாத நாற்காலியில் கால்மேல் கால் போட்டார்கள். பல் டாக்டர் ஒருவர் சின்னக் கட்டத்துக்குள் போய் நின்றார்.

"இது என்ன, ஏடிஎம்மா?"

"கக்கூஸுங்க. எங்களுக்கு" என்றாள் கோட்டம்மா.

செயலாளர் ஆர்க்கிடெக்டின் கையிலிருந்த தாளைப் பிடுங்கிப் பார்த்தார். "இது பிளான்லயே இல்லையே. ரெண்டாம் கட்டத்துல பாத்துக்கலாம்மா."

"எனக்கு இருபத்தோரு வருஷமா முதல் கட்டமே முடியலீங்க."

"காபிக்கடைக்குப் பக்கத்துல, நாத்தம் வருமே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"உங்க ரெண்டையும் நான்தாங்க கழுவுறேன். நாத்தம் வருதா?"

பல் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "இப்போ எங்க போறீங்க?"

"போறதில்லைங்க."

கட்டலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். பாதிக்கு மேல் உயர்ந்தது. மனசு இளகித் தூக்கியவர்களும் உண்டு. வெயில் ஏறுவதற்குள் ஆட வேண்டும் என்று தூக்கியவர்களும் உண்டு. கை கைதான் என்று எண்ணிக்கொண்டாள்.

"சரி, போட்டுடலாம்" என்றார் செயலாளர். "ஆனா பூட்டித்தான் வெக்கணும். சாவி ஆபீஸ்ல இருக்கும். வேணும்னா கேட்டு வாங்கிக்கட்டும்."

'சரிங்க' என்று சொல்லிவிட்டால் தொல்லை தீர்ந்தது. பழகிய வார்த்தை, நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்குதுங்க. நான் அஞ்சுக்கு வரேன்."

"அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா."

"இப்பவே பாருங்க." நிற்க முடியாமல் கட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆர்க்கிடெக்ட் அவள் பக்கத்தில் குந்தி, பேனாவைத் திறந்தாள். "தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வரணும்?"

"உள்பக்கம். வெளிப்பக்கம் ஒண்ணும் வேணாம். குழாய் தாழ்வா வெய்யுங்க, வாளி நிக்கணும்."

எழுதினாள். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். "எந்திரிம்மா. மூணாவது கோர்ட்டு காயுது பாரு."

"கட்டி முடிக்க எவ்ளோ நாளாகுங்க?"

"பதினாலு மாசம்" என்றாள் ஆர்க்கிடெக்ட்.

"அதுவரைக்கும்?"

நடக்கத் தொடங்கியிருந்த செயலாளர் நின்றார், திரும்பவில்லை. மட்டையும் கையுமாக எட்டுப் பேர் மூன்றாவது மைதானத்தின் ஓரத்தில் நின்றார்கள். அவள் மறுபடி தண்ணீர் தெளிக்காமல் அந்த மண்ணில் காலை வைக்க முடியாது, காய்ந்த தூள் வழுக்கும். அவர்கள் காத்திருந்தார்கள். அவளும் உட்கார்ந்தபடியே காத்திருந்தாள்.