பட்டியலில் இல்லாத பெயர்

யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் தொடக்கூடாது என்று தீர்மானிப்பதுதான் அப்போது என் வேலை. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. ஷிப்ட் போடுவது, லீவு கேட்பது, மருத்துவ அறைக்குப் போய் வந்தது என்று ஆள்களின் விவரம் முழுவதும் ஒரே மென்பொருளுக்குள் வந்தபோது, அதற்கு என்னை அட்மின் ஆக்கினார்கள். அதற்கு முன் அதெல்லாம் நாலைந்து நோட்டிலும் எக்செல் ஷீட்டிலும் கிடந்தது. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்ப்பார்கள். நான் வந்து அதையெல்லாம் பூட்டினேன்.

பூட்டியது தலைக்கேறிவிட்டது என்பதை இப்போது சொல்லலாம். பெரிய அட்டவணை ஒன்று போட்டேன். இடது பக்கம் ஆள்கள், மேலே விவரங்கள், நடுவில் பச்சையும் சிவப்பும். மீட்டிங்கில் அதைத் திரையில் காட்டி, "தேவைப்படுறவங்களுக்கு, தேவைப்படுற அளவு மட்டும்" என்று வகுப்பே எடுத்தேன். பிளேட்டிங் பிரிவு சூப்பர்வைசர், இருபது வருஷம் அங்கே வேலை பார்த்தவர், தன் ஆள்கள் எதற்காக லீவு எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார். "நாள் தெரிஞ்சா போதாதாண்ணே? காரணம் உங்களுக்கு எதுக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். மனுஷன் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார். எனக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் படவில்லை.

அந்த அட்டவணையில் என் பெயருக்கு நேராக எல்லாக் கட்டமும் பச்சை. அட்மின் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதலில் சோதனைக்காகத்தான் திறந்து பார்த்தேன், சத்தியமாக. சரியான பக்கம் வருகிறதா, சரியான ஆளுக்குப் போகிறதா என்று. பிறகு அது பழக்கமாகிவிட்டது. காலை டீயோடு நாலு பேருடைய விவரத்தைத் திறப்பேன். யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, யார் ஒரே மாமியார் சாவுக்கு இரண்டு தடவை லீவு போட்டிருக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாததாலேயே நான் யோக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனி பஸ்ஸில் எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். பேரிகைக்காரி. அங்கே ஏறும்போதே பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்துவிடுவாள். பாகலூரில் நான் ஏறியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். போனில் மாமியாரோடு தெலுங்கு, வேலையில் பக்கத்து ஆளோடு கன்னடம், என்னோடு தமிழ். நான் விருதுநகர்ப் பக்கம். என் பேச்சைக் கேட்டு, "சண்டைக்கு வரியா, பேச வரியான்னே தெர்லக்கா" என்று கிண்டல் செய்வாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். பிளேட்டிங்கில் வேலை. தொட்டியில் முலாம் பூசி வரும் பாகங்களை எடுத்துப் பார்த்து வாளியில் போட வேண்டும். வாளியும் கனம், அந்த ஆவியும் லேசுப்பட்டதல்ல.

ஒரு வாரமாக அவள் பஸ்ஸில் பேசவில்லை. ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். என்னடி என்று கேட்டிருக்கலாம். பக்கத்து சீட்டில்தான் இருந்தாள், தோள் இடிக்கும் தூரம். நான் கேட்கவில்லை. ஆபீசுக்குப் போய் அவளுடைய மருத்துவப் பக்கத்தைத் திறந்தேன்.

ஏழு வாரக் கர்ப்பம் என்று மருத்துவ அறை நர்ஸ் எழுதியிருந்தார். போன வருஷம் ஒன்று கலைந்துபோனதும் இருந்தது. மூன்று மாதம் ஆகும்வரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்று பணியாளர் கேட்டுக்கொண்டிருப்பதாகக் கடைசியில் ஒரு வரி. அது ஏன் என்று எனக்குப் புரிந்தது. போன தடவை கலைந்தபோது பிரிவு முழுக்க ஒவ்வொருத்தராக வந்து அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். ஆறுதல் கேட்டே செத்துருவேன்போல இருக்குக்கா என்று அவள் என்னிடம் அழுதிருக்கிறாள். இந்தத் தடவை நிற்குமா நிற்காதா என்று தெரியும்வரை தனியாக வைத்துக்கொள்ள நினைத்தாள், அவ்வளவுதான் அவள் கேட்டது.

எனக்கு உடனே அந்த வாளியும் ஆவியும் ஞாபகத்துக்கு வந்தன. நர்ஸ் எழுதி வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறாரே என்று கோபம்கூட வந்தது. அவர் சும்மா இருக்கவில்லை. காரணம் எழுதாமல் இலகுவேலைச் சீட்டு ஒன்று தயார் செய்து, மறுநாள் டாக்டர் கையெழுத்துக்கு வைத்திருந்தார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஷிப்ட் பக்கத்துக்குப் போய் அவள் பெயருக்கு நேராக மருத்துவக் கட்டுப்பாடு என்று குறியிட்டேன். காரணம் தேர்ந்தெடுக்காமல் அது சேமிக்காது. அப்படி வைத்ததும் நான்தான். இருந்த காரணங்களில் கர்ப்பம் என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியில் சாப்பிடப் போனேன். மருத்துவக் கட்டுப்பாடு எது வந்தாலும் அது மருத்துவ அறையின் பெயரில், காரணத்தோடு, சூப்பர்வைசருக்குத் தானாகவே தகவலாகப் போகும் என்பது அந்த நேரத்தில் என் மூளையில் உறைக்கவே இல்லை. அந்த வழியைப் போட்டதும் நான். லீவுக்குக் காரணத்தை மறைத்தவள், இதற்கு மறைக்க மறந்திருந்தேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் சூப்பர்வைசர் எழுந்து, "நம்ம பொண்ணு ஒருத்திக்கு நல்ல சேதி. இனிமே அதை வாளி தூக்க வுடாதீங்கப்பா" என்று சொல்லியிருக்கிறார். பாவம், அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ கேண்டீனிலிருந்து சர்க்கரை வாங்கி வந்து அவள் வாயில் போட்டார்கள். டீ நேரத்துக்குள் பேரிகை பஸ்ஸில் வரும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அவள் நேராக மருத்துவ அறைக்குப் போனாள். அந்த நர்ஸ் நாட்றாம்பாளையத்துக்காரர், ஏஜென்சி மூலம் வந்தவர், ஓசூரில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தார். அவரை வரிசையில் நின்ற ஆள்கள் முன்னாலேயே வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறாள். "உன்ன நம்பித்தான சொன்னேன்" என்று கத்தியது ஆபீஸ் வரைக்கும் கேட்டது. நான் என் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், நான் போடலிங்க. சீட்டு இன்னும் என் டிராயர்லதான் இருக்குது. யார் போட்டாங்கன்னு உங்க கம்ப்யூட்டர்ல தெரியும் இல்லிங்களா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க மேடம்."

"பாக்குறேன் சிஸ்டர்" என்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரைக்கும் வந்தது. அவருக்குப் பின்னால் மூன்று பேர் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதியம் மனிதவள மேலாளர், அந்தப் பெண்ணின் மருத்துவப் பக்கத்தை யார் யார் திறந்தார்கள், யார் மாற்றம் செய்தார்கள் என்று ரிப்போர்ட் கேட்டார். எடுத்தேன். ஒரே பெயர்தான் வந்தது, நர்ஸின் பெயர், மூன்று தடவை. என் பெயர் இல்லை. அட்மின் பராமரிப்புக்காக ஆயிரம் தடவை திறப்பார், மூடுவார், அதெல்லாம் வந்தால் ரிப்போர்ட் நீண்டுவிடும் என்று அட்மின் பெயர் வராதபடி ஆரம்பத்திலேயே வைத்திருந்தேன். மேலே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் இருக்கும் டிக்கை எடுத்தால் நானும் வந்துவிடுவேன். எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. கை வரவில்லை. இருந்தது இருந்தபடி அனுப்பிவிட்டேன்.

"சிஸ்டம் பொய் சொல்லாதில்ல" என்றார் மேலாளர். அடுத்த வாரம் ஏஜென்சி வேறு நர்ஸை அனுப்பியது. பழையவர் போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ள வந்ததாகக் கேள்விப்பட்டேன். நான் கழிப்பறையில் இருந்தேன். அவர் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

அதன் பிறகு என் லாகினிலிருந்து மருத்துவப் பக்கங்களையும் மருத்துவ அறை ஆள்களின் விவரத்தையும் நானே எடுத்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை, யாருக்கும் தெரியாது. ரிப்போர்ட்டில் அட்மின் பெயரும் வரும்படி மாற்றினேன். இதெல்லாம் செய்ததும் பிராயச்சித்தம் முடிந்துவிட்டதுபோல மனசு லேசானது. எனக்கு நானே மன்னிப்புக் கொடுத்துக்கொண்ட அந்த லேசை நினைத்தால்தான் இப்போது உடம்பு அதிகமாகக் கூசுகிறது.

அவளுக்குப் பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. லீவு முடிந்து திரும்பி வந்தாள். மறுபடி பிளேட்டிங், மறுபடி அதே சீட். இரண்டு வருஷம் போனது. ஒருநாள் காலை நான் ஏறி உட்கார்ந்ததும் காதருகே வந்து, "அக்கா, மறுபடியும். நாப்பத்தஞ்சு நாளு. எங்க அத்தைக்கே இன்னும் தெரியாது. உங்கிட்டதான் மொதல்ல சொல்றேன்" என்றாள்.

"மெடிக்கல் ரூம்ல சொல்லிட்டியாடி? வாளி தூக்காத" என்றேன்.

"அங்க நான் போமாட்டேன். போன வாட்டி பட்டது போதும். வயிறு தெரியறப்ப தெரியட்டும்."

"அந்த ஆவி ஆகாதுடி."

"கம்பெனில நம்பிச் சொல்றதுக்கு நீ ஒருத்திதான்க்கா இருக்க. அவங்களாண்ட எல்லாம் சொன்னா மைக் வெச்சிக் கத்துவாங்க."

ஒரு வாரம் கெஞ்சினேன். அசையவில்லை. தினமும் அவள் கையுறையை மாட்டிக்கொண்டு அந்தத் தொட்டிப் பக்கம் போவதைப் பார்த்தேன். மறுபடி ஏதாவது ஆகிவிட்டால் அதுவும் என் கணக்கில்தான் என்று தெரிந்தது. அந்தப் பயம்தான் என்னைப் பேச வைத்தது. நேர்மை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாயில்லை. சனிக்கிழமை வீடு திரும்பும் பஸ்ஸில் எல்லாவற்றையும் சொன்னேன். திறந்து பார்த்தது, குறியிட்டது, ரிப்போர்ட், அந்தக் கட்டம், கழிப்பறை.

அவள் அழுவாள், அல்லது அடிப்பாள் என்று நினைத்தேன். மடியிலிருந்த பையின் வாரைப் பிடித்துக்கொண்டு முன் சீட்டையே பார்த்தாள். "அந்த சிஸ்டர் எங்க கீறாங்க இப்ப?" என்று கேட்டாள்.

"தெரியல."

"உன் கம்ப்யூட்டர்ல இருக்குமே. போன் நம்பர் பாத்துக் குடு."

"மெடிக்கல் ஆளுங்க விவரம் எதுவும் எனக்கு இப்ப தொறக்காதுடி. நானே எடுத்துட்டேன்."

என் பக்கம் திரும்பினாள். "என்னுது பாக்கணும்னா தொறந்துச்சி. அவங்களுக்கு ஒரு நல்லது செய்யணும்னா மட்டும் பூட்டிகிச்சா?"

பாகலூரில் இறங்கினேன். அவள் பையை எடுத்துப் பக்கத்து சீட்டில் வைத்தாள்.

திங்கட்கிழமை நர்ஸின் நம்பர் கேட்டு மேலாளரிடம் போனேன். நம்பர் எதற்கு என்று கேட்டார், சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். அட்மின் வேலை இப்போது வேறொருவரிடம் இருக்கிறது. நான் பொருள்கிடங்குப் பதிவில் இருக்கிறேன். அது பெரிய தண்டனை இல்லை, வேலை போகவில்லை. நர்ஸுக்குத்தான் போனது. என் சிநேகிதி அன்றைக்கே மருத்துவ அறைக்குப் போனாள், பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். அது ஒன்றுதான் நடந்தவற்றில் நல்லது.

மறுநாள் பஸ்ஸில் அவளிடம் நம்பரைக் கொடுத்தேன். நான் நின்றுகொண்டிருந்தேன், அவள் உட்காரச் சொல்லவில்லை. நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் எடுத்ததும் ஒன்றும் பேசாமல் போனை என்னிடம் நீட்டினாள்.

"நீ பேசு."

வாங்கினேன். நான் யார் என்று சொன்னேன். அவர் திட்டுவார், இல்லை போனை வைத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். நாட்றாம்பாளையத்தில் கோழி கூவுவது கேட்டது. "அட, மேடமா!" என்றார் அவர். குரலில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. "நல்லா கீறீங்களா? இத்தனி நாளா ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன் மேடம். அந்தப் பேரிகைப் பொண்ணுக்குக் கொழந்த நல்லபடியா பொறந்துச்சிங்களா?"

"பொறந்துச்சு சிஸ்டர், பொண்ணு" என்றேன். அவர் சாமியைக் கூப்பிட்டு நன்றி சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, நான் செய்ததைச் சொல்லத் தொடங்கினேன்.