லொறியில் மிச்ச இடம்

கலவரக் காலத்தில் நான் கண்டியில் ஒரு முஸ்லிம் முதலாளியின் மொத்தக் கடையில் டெலிபோனுக்கு இருந்தேன். டீசலுக்குத் தட்டுப்பாடு. ஆளுக்கொரு லொறியை அரைவயிறாய் ஓட்டிப் புகை கக்க வைத்தது போதுமென்று, நாலு கடைக்காரர்கள் ஒரே லொறிக்கு ஒப்புக்கொண்டார்கள். யாருடைய சாமான் எங்கே போகவேண்டும் என்று காலையில் எனக்குச் சொல்வார்கள். நான் பாதை போட்டுக் கொடுப்பேன். சாமான் இறங்கியதும் அந்தக் கடை எனக்கு டெலிபோன் அடித்து, வந்ததையும் லொறியில் மிச்சமிருக்கும் இடத்தையும் சொல்லவேண்டும். அந்த இடத்தில் அடுத்த கடையின் வெற்றுப் பீப்பாய்களை ஏற்றச் சொல்வேன். இதிலே எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட.

லொறியை ஓட்டியவர் என் வீட்டுக்காரர்.

அன்று பேராதனைக் கடை, "சாமான் இறங்கிருச்சு, லொறி போயிருச்சு" என்று சொல்லி டெலிபோனை வைத்ததும், முதலாளி வாசலிலிருந்து ஓடி வந்தார்.

"யா அல்லாஹ்! புள்ள, கொழும்பு ரோட்டுல தமிழாக்கள இறக்கி அடிக்கிறானுகளாம். லொறி எங்க?"

அதே ரோட்டில்தான் என் வீட்டுக்காரர் பிலிமத்தலாவைக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே சாமான் எடுப்பது ஒரு சிங்கள முதலாளி. தினமும் பேசும் குரல், முகம் பார்த்ததில்லை. என்னை நங்கி என்பார், தங்கச்சி மாதிரி.

டெலிபோன் அடித்தது. அவர்தான்.

"நங்கி, லொறி பேராதனை விட்டதா?"

தினமும் கேட்கிற கேள்விதான். ஆனால் அன்று அவருக்குப் பின்னால் ஆட்கள் கத்துவது கேட்டது. யாருக்காகக் கேட்கிறார்? லொறி வராது என்று சொல்லிவிடவா? சொன்னால் மட்டும் லொறி நின்றுவிடுமா?

"இப்பதான் விட்டிச்சு அண்ணே," என்றேன். "ஓட்டிட்டு வாறது எங்க வீட்டுக்காரரு."

அவர் டக்கென்று டெலிபோனை வைத்துவிட்டார்.

ஐயோ, சொல்லித் தொலைத்தேனே! கதவை அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். நான் கும்பிடாத சாமியில்லை. வெளியே ஆட்கள் ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரரைத்தான் அடிக்கிறார்கள் என்று தோன்றியது. அழக்கூடப் பயமாக இருந்தது.

மறுபடி டெலிபோன் அடித்தபோது முதலாளியின் கையைத் தட்டிவிட்டு நான் எடுத்தேன்.

வழக்கமான குரல், வழக்கமான ஒழுங்கு. "சீனி வந்தது. பருப்பு வந்தது. ஆள் வந்தது. எல்லாம் ஸ்டோருக்கு உள்ள, பூட்டு போட்டாச்சு." மூச்சு வாங்கினார். "மிச்ச இடம் மட்டும் கேட்காதே நங்கி. லொறி வாசல்ல எரியுது."