பரங்கி மாளிகையும் ஒரு டப்பா பெருங்காயமும்

கூரத்துக்குப் போகிற வழியில் இருக்கிற பரங்கி மாளிகையை இப்போது பழுது பார்க்கிறார்கள். சாரம் கட்டி, பச்சை வலை போர்த்தி, மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண்பிள்ளை நின்று வேலை வாங்குகிறது. போன மாதம் அந்தப் பெண் என்னைத் தேடி வந்து, மாளிகை நன்றாக இருந்த காலத்தில் பார்த்தீர்களா என்று கேட்டது. பார்த்திருக்கிறேன் என்றேன். நன்றாக இருந்தபோது அல்ல. அது நன்றாக இருந்ததை என் காலத்து ஆட்கள் யாருமே பார்த்ததில்லை. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் பார்த்ததை மறக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

அதைக் கட்டிய ஜமீன்தார் புதுச்சேரிக்குப் போனாராம். அங்கே பிரெஞ்சுக்காரர்களின் கட்டடங்களைப் பார்த்துவிட்டு வந்து, வயலுக்கு நடுவே அதே மாதிரி ஒன்றை எழுப்பினாராம். மூலையில் உருண்டையாக ஒரு கோபுரம். எதிரியை வேவு பார்ப்பதற்கு என்று சொல்வார்கள். நெல்லைத் தின்ன வருகிற கிளிகளைத் தவிர அந்தப் பக்கம் வேறு எதிரி வந்ததாகத் தெரியவில்லை.

என் மாமா, அம்மாவின் தம்பி, அதற்குக் காவல்காரர், கொத்தனார் இரண்டும். பின்கட்டில் ஓர் அறையில் அவரும் அத்தையும் இருந்தார்கள். மழை தவறினாலும் என் அம்மாவுக்குப் பிரசவம் தவறாது. ஒவ்வொரு தடவையும் என்னை மாமா வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். போய் இறங்கியதும் அத்தை என் தலையை வாரிவிடுவாள். வீட்டில் என்ன விசேஷம் என்று மட்டும் கேட்க மாட்டாள்.

மாளிகை அப்போதே பாதி சரிந்திருந்தது. சென்னையில் இருந்த முதலாளி, தை பிறந்ததும் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். கோபுரம் உறுதியாக நின்றால் வைத்துக்கொள்வார். இல்லாவிட்டால், கதவும் உத்தரமும் கழற்றி விற்கிற ஆளுக்குக் கொடுத்துவிடுவார். மாமா பிறந்ததே அந்தப் பின்கட்டில்தான். அதனால் தனி ஆளாக இறங்கினார். கடுக்காய் ஊறப்போட்ட தண்ணீரும் வெல்லமும் விட்டுச் சுண்ணாம்பை அரைத்து, விரிசலை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தார்.

எல்லா விரிசலும் அடைபட்டது, ஒன்றைத் தவிர. கோபுரத்தின் இடுப்பில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. வேர் உள்ளே இறங்கி, கல்லைக் கல்லாக நெட்டிக்கொண்டு இருந்தது. அரச மரத்தில் கைவைக்க ஊரில் எந்த ஆளும் வரவில்லை. அது போதாதென்று அத்தை அந்தக் கன்றைச் சுற்றத் தொடங்கியிருந்தாள்.

சுவரில் முளைத்த மரத்தை எப்படிச் சுற்றுவது? அத்தை மாளிகையையே சுற்றினாள். விடிந்ததும் தலைக்குக் குளித்து, ஈரப்புடவையோடு, முள்ளையும் இடிந்த கிணற்றையும் தாண்டி வலம் வருவாள். சொம்பைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓடுவேன். முடிவில் ஏணியில் ஏறி, வேரில் மஞ்சள் பூசி, ஒரு குடம் தண்ணீரை ஊற்றுவாள். முந்தின நாள் மாமா பூசிய சுண்ணாம்பு கரைந்து வழியும்.

"நான் ஒரு கை சுண்ணாம்பு வெச்சா நீ ஒரு கொடம் தண்ணி ஊத்திக்கினு இருக்கிற. நீ யார் பக்கம்மே?" என்பார் மாமா.

"ஊத்தனாதான் துளுக்கும்."

"இன்னா துளுக்கும்? செவுரா?"

இப்படியே மார்கழி வந்துவிட்டது. ஒருநாள் அத்தை களை எடுக்கப் போயிருந்த நேரம், மாமா அடுப்பங்கரையில் இருந்த பெருங்காய டப்பாவை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். வேரில் உளியால் குழி தோண்டி, கட்டிப் பெருங்காயம் முழுவதையும் திணித்தார். பெருங்காயம் வைத்தால் மரம் தானாகப் பட்டுப்போகும், வெட்டிய பாவம் வராது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. உடைத்து உடைத்துக் கொடுத்தது நான். "அத்தைகிட்ட சொல்லாதமா" என்றார். நானும் சொல்லவில்லை.

சாயந்திரம் ரசத்தில் வாசனை இல்லை. அத்தை டப்பாவைத் திறந்து பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். பிறகு என் கையை எடுத்து முகர்ந்தாள். கோபப்படவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டே, யாரிடமோ பேசுகிற மாதிரி சொன்னாள்.

"செவுத்த கட்டு, நான் வேணாங்கல. ஒண்ணே ஒண்ணு உயிரா துளுத்துக்கினு நிக்குது. அதையும் எடுத்துட்டா நான் எதை சுத்தறது?"

மறுநாள் அவள் குளித்தாள், ஆனால் சுற்றவில்லை. சொம்பு கவிழ்ந்தபடியே கிடந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். மாமாவுக்கு அது நல்ல செய்தி என்று நினைத்தேன். பூசிய சுண்ணாம்பு முதல்முறையாகக் காய்ந்திருந்தது. அவரோ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

உச்சிப்பொழுதில் எழுந்து ஏணியில் ஏறினார். குழிக்குள் விரலை விட்டு, பெருங்காயத்தை ஒரு துணுக்கு விடாமல் சுரண்டி எடுத்து இலையில் பொதிந்தார். என்னைக் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி வேரைக் கழுவினார். அப்புறம் காயத்துக்குப் பூசுகிற மாதிரி சாணத்தை மெதுவாக அப்பினார். தண்ணீரில் பக்கத்துச் சுண்ணாம்பெல்லாம் கரைந்து போயிற்று. அதை அவர் பார்த்தார்.

அன்று சாயந்திரம் ரசம் மணத்தது. அத்தை கடையில் வாங்கி வந்திருக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. எனக்கு ரசம் வேண்டாம் என்று தட்டை மூடிக்கொண்டேன்.

"ஏம்மா?"

"மரத்துல கெடந்த பெருங்காயம். மாமா மத்தியானம் நோண்டி எடுத்துக்கினு வந்தாரு."

அத்தை கரண்டியோடு அப்படியே நின்றாள். மாமா தட்டை விட்டு நிமிரவில்லை. பிறகு அத்தை அவர் தட்டில் ஒரு கரண்டி ரசம் ஊற்றினாள். இன்னொரு கரண்டி ஊற்றினாள். சோறு மிதந்தது. அவர் போதும் என்று சொல்லவே இல்லை.

தை பிறந்தது. முதலாளி வந்தார். கோபுரத்தின் விரிசலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை போயிற்று. அந்த மாதமே தேக்குக் கதவுகள் வண்டியேறின. மாமாவும் அத்தையும் செவிலிமேட்டில் ஒரு குடிசைக்குப் போனார்கள். மாமா சிமெண்டு வேலைக்குப் போனார். அடுத்த மழையில் கோபுரம் விழுந்தது என்று கேள்விப்பட்டோம். அத்தைக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஆனாலும் செவிலிமேட்டிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அவ்வளவு தூரம் நடந்து வந்து, இடிபாட்டில் பிழைத்து நின்ற அந்தக் கன்றைச் சுற்றிவிட்டுப் போவாள். துணைக்கு மாமாவும் வருவார்.

மஞ்சள் தொப்பிப் பெண் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டியது. அரச மரம் இடிபாட்டின் மேலேயே வேர் பிடித்து, மாளிகையைவிட உயரமாக நிற்கிறது. அதை வெட்ட இப்போதும் ஆள் வரவில்லையாம். அதை விட்டுவிட்டு மற்றதைக் கட்டுகிறார்கள். பாட்டி, இந்த மூலை மட்டும் ஏன் அடியோடு விழுந்தது என்று அந்தப் பெண் கேட்டது. மழை என்றேன்.

இந்த வயதில் எனக்குத் தெரிவதெல்லாம் அன்றைக்கு எங்கே தெரிந்தது? ரசத்துக்கு ஆசைப்பட்டு மரத்திலிருந்து பெருங்காயத்தைத் திருப்பி எடுத்த என் மாமாவைப் போல ஒரு கஞ்சன் இந்த உலகத்தில் கிடையாது என்று, அம்மாவிடம் போய் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.