கடலை அறியாத நண்டு: வண்டிப்பெரியார் ஓடையில் ஒரு காலை

கடற்கரை நண்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கடலே தேவைப்படாத நண்டு ஒன்று மலையில் இருக்கிறது என்று படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஜூன் முதல் வாரம், மழை பிடித்ததும் கிளம்பினேன்.

குமுளியிலிருந்து வண்டிப்பெரியார் பதினான்கு கிலோமீட்டர். பஸ்ஸில் அரை மணி நேரம். அங்கிருந்து எஸ்டேட் ஓடைக்கு ஜீப், முந்நூறு ரூபாய். ஓட்டியவர் பாண்டி அண்ணன். முன்சீட்டில் அவர் மனைவி செல்வி அக்கா, தேயிலைக் கொழுந்து பறிப்பவர். ஒரு வாரமாக விடாத இருமல். இங்கே நெஞ்சுச் சளிக்கு ஓடை நண்டு ரசம் வைப்பார்கள்.

"நீங்க நண்டப் பாக்க வந்தீக தம்பி. நான் பிடிக்க வாரேன்," என்றார் அண்ணன்.

தாண்டிவிடக்கூடிய ஓடை. குளிர்ந்த, தெளிந்த நீர். கரைச் சேற்றில் வளைகள், வாசலில் ஈர மண் உருண்டைகள். அண்ணன் ஒரு கல்லைப் புரட்டி, பழுப்பு நண்டு ஒன்றைப் பிடித்து பக்கெட்டில் போட்டார்.

சற்று நேரத்தில் அக்கா கூப்பிட்டார். "ஏங்க, பக்கெட்டுல என்னமோ ஊருது."

பயறு அளவில் நண்டுகள். கால், கொடுக்கு, கண், எல்லாம் இருந்தன.

கடல் நண்டின் குஞ்சு பொரிந்தவுடன் நண்டு போலவே இருக்காது. நீரில் மிதந்து, உருமாறித்தான் நண்டாகும். இதுவோ அத்தனை மாற்றத்தையும் முட்டைக்குள்ளேயே முடித்துவிடுகிறது. முட்டைகளையும் பிறகு குஞ்சுகளையும் தாய் தன் வயிற்று மடிப்பில் சுமக்கிறது. படித்ததுதான். இருந்தும் பக்கெட்டின் மேல் குனிந்து எண்ண ஆரம்பித்தேன்.

"மல்லாத்திப் பாக்காமயா போட்டீக?" அக்கா கேட்டார். குஞ்சு சுமக்கும் நண்டை விட்டுவிடுவது லயத்து, அதாவது எஸ்டேட் குடியிருப்பு, வழக்கம்.

"நீ இருமுற இருமல்ல எனக்கு எங்கிட்டு நிதானம் வரும்?"

திரும்ப ஓடையில் அப்படியே கவிழ்த்தால் குஞ்சுகளை நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். அண்ணன் கற்களை அடுக்கி நீரைத் தடுத்தார். இடைவெளியில் அக்கா தன் தலைத்துணியை விரித்துப் பிடித்தார். பக்கெட்டை மெதுவாகச் சாய்த்தேன். தாய் அசையாமல் நின்றது. மடிப்பு விரிந்தது. குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கால்வழி ஏறின. துணியில் ஒட்டியிருந்தவற்றை அக்கா இருமலை அடக்கிக்கொண்டு விரல்நுனியால் தள்ளிவிட்டார். மடிப்பு மூடியது. நண்டு வளைக்குள் போனது.

போக நினைப்பவர்களுக்கு: எஸ்டேட்டில் அனுமதி கேளுங்கள். அட்டைக்கு உப்பு வேண்டும். புரட்டிய கல்லை இருந்தபடியே வையுங்கள், அதன் அடியில் ஒரு குடும்பம் இருக்கலாம். மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள், பிறகு மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கிவிடும்.

அன்று மதியம் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. ரசத்தில் மிளகு மட்டும்.

"நண்டு எங்கங்க?" அக்கா சீண்டினார்.

"அதுக்குப் பிள்ளைகளப் பாக்கவே நேரம் சரியா இருக்காம்."

அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. அண்ணன் தன் ரச டம்ளரையும் அவர் பக்கம் நகர்த்தினார்.